கேள்வி–பதில்: எந்த ஃபில்லரைச் சொல்கிறீர்கள்?

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. கொத்தனார் சொல்லும் ஃபில்லர் ஒன்று, டிங்கர் பட்டறையில் சொல்வது இன்னொன்று, மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது வேறொன்று. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்தந்தத் தொழில் தெரிந்தவர்களே பதில் எழுதியிருக்கிறார்கள்.

மாடியில் ஓர் அறை எடுக்கிறோம். ஃபில்லர் ஸ்லாப் போட்டால் சூடும் குறையும், செலவும் குறையும் என்கிறார் இன்ஜினியர். கான்கிரீட்டுக்குள் பழைய ஓடுகளைப் போட்டு மூடினால் கூரை எப்படித் தாங்கும் என்கிறார் என் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, தென்காசி

இன்ஜினியர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மாமனாரின் சந்தேகத்தையும் கையோடு அவரிடமே கொண்டுபோய்க் கேளுங்கள், ஏனென்றால் ஓடு வைக்கக் கூடாத இடங்கள் சில இருக்கின்றன.

இரண்டு சுவர்மீது உட்கார்ந்திருக்கும் ஸ்லாப்பில் பாரம் ஏறும்போது, மேல்பாதி நசுங்கப் பார்க்கும், கீழ்ப்பாதி இழுபடப் பார்க்கும். கான்கிரீட் நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுவைக்கு அது உதவாது. அந்த வேலையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. ஆகவே கீழ்ப்பாதியில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே கிடக்கிற கான்கிரீட் வெறும் சுமை. அதை எடுத்துவிட்டு அங்கே மங்களூர் ஓட்டை வைப்பதுதான் ஃபில்லர் ஸ்லாப். கேரளத்தில் இதைப் பரவலாக்கியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர். சுடுமண் சட்டி, கிண்ணம் வைத்தும் இதைச் செய்கிறார்கள்.

செய்முறை இப்படி. சென்ட்ரிங் அடித்து முடித்ததும் கம்பி, ஓடு இரண்டின் இடங்களையும் பலகைமீது சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வருவதை மட்டும் எடுக்க வேண்டும். டப்பென்று கேட்டால் உள்ளே விரிசல். எடுத்த ஓடுகளைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஓட்டைச் சுற்றி வலுவில்லாத கான்கிரீட்தான் மிஞ்சும். இரண்டு ஓடுகளை முகத்தோடு முகம் கவிழ்த்து வைத்தால் நடுவில் காற்று நிற்கும். வெயில் கீழே இறங்குவதை மட்டுப்படுத்துவது அந்தக் காற்றுதான். ஓட்டு வரிசைகளுக்கு நடுவே 10 செ.மீ. அகலமாவது கான்கிரீட் இறங்க வழி வேண்டும். கம்பிக்கு அடியில், அதைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்த 20 மி.மீ. கவர் பிளாக். ஓட்டுக்கு மேல் 5 செ.மீ.க்குக் குறையாமல் கான்கிரீட் நிற்க வேண்டும். ஸ்லாப்பின் மொத்தத் தடிப்பையும் கம்பி அளவையும் அறையின் அகலத்தைப் பார்த்து இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

இனி, ஓடு வைக்கக் கூடாத இடங்கள். சுவர்மீது உட்காரும் விளிம்பையும் அதை ஒட்டிய ஒரு அடியையும் முழுக் கான்கிரீட்டாக விடுங்கள். ஃபேன் கொக்கி வரும் இடம், மேலே தண்ணீர்த் தொட்டி உட்காரும் இடம் இரண்டுக்கும் அதே விதி. சன்ஷேடு, பால்கனி போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவற்றில் ஓடு கூடவே கூடாது. அங்கே கணக்கு தலைகீழ். இழுவை மேலே, நசுக்கல் கீழே. கீழே ஓட்டை வைத்தால் தாங்க வேண்டிய கான்கிரீட்டையே எடுத்துவிட்டதாக ஆகும். ஒரே ஸ்லாப் நடுச்சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனாலும் அந்தச் சுவரின் இருபக்கமும் இதே நிலைதான்.

பெரும்பாலும் தவறு நடப்பது கான்கிரீட் போடும் நாளில். ஆட்கள் நேரடியாக ஓட்டின்மீது நடந்து உடைப்பார்கள். நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். வைப்ரேட்டர் ஊசி ஓட்டில் முட்டினால் ஓடு நகர்ந்து, கம்பி ஓடும் வழி குறுகிவிடும். ஓட்டுக்கு ஓடு ஒரு சிட்டிகை கலவை வைத்து ஒட்டிக்கொண்டால் நகராது. 20 மி.மீ. ஜல்லியோடு 12 மி.மீ. ஜல்லியும் கலந்தால் இடுக்கில் நன்றாக இறங்கும். மின்குழாய்கள் ஓடுகளுக்கு நடுவிலுள்ள கான்கிரீட் வழியாகத்தான் போக வேண்டும்.

கான்கிரீட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும், எடை குறைவதால் கம்பியும் கொஞ்சம் குறையும். கீழே பூச்சும் வேண்டாம், ஓடு தெரிவதே அழகு. பிற்பாடு கொக்கி மாட்ட டிரில் போடும்போது மட்டும் ஓட்டில் போடாமல் நடுப்பட்டையில் போடுங்கள்.

மூன்று வருட வீடு. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விரிசல். இருமுறை கிராக் ஃபில்லர் வைத்து பெயிண்டும் அடித்தாயிற்று. மறுபடி அதே கோடு. எந்த கம்பெனி ஃபில்லர் நல்லது?
— வாசகர், புதுக்கோட்டை

கம்பெனியை மாற்றிப் பயனில்லை. கான்கிரீட் தூண் ஒரு விதமாகவும் செங்கல் சுவர் ஒரு விதமாகவும் வெயிலுக்கு விரிந்து சுருங்கும். பூசும்போது இரண்டையும் சேர்த்துக் கம்பிவலை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். காய்ந்ததும் இறுகிப்போகும் பேஸ்ட், அசையும் இடத்தில் நிற்காது.

முறையான வைத்தியம்: விரிசலுக்கு இருபக்கமும் 15 செ.மீ. வீதம் பூச்சை வெட்டி எடுத்து, தூசியைக் கழுவி, தூணுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் பாலிமர் கலந்த கலவையைத் திணிக்க வேண்டும். மேலே கோழிவலையோ ஃபைபர் வலையோ வைத்து இரண்டு பக்கமும் ஆணி அடித்து, 1:4 சிமென்ட் மணல் கலவையில் பூசி, ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். ஈரம் முழுவதும் வற்றிய பிறகே பட்டி.

பூச்சை உடைக்க மனமில்லை என்றால் விரிசலை ஆங்கில வி எழுத்து வடிவில் 5 மி.மீ. அகலத்துக்குக் கீறி, பிரஷ்ஷால் தூசி தட்டி, இழுத்தால் நீளும் தன்மையுள்ள அக்ரிலிக் சீலன்ட்டை நிரப்பி, மேலே ஃபைபர் டேப் ஒட்டி மெல்லிசாகப் பட்டி இழுக்கலாம். சாதாரண சிலிகான் வேண்டாம். அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. பட்டியை வைத்தே பள்ளத்தை மேடாக்கப் பார்ப்பதும் தப்பு. வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மி.மீ.க்கு மேல் போனால் உரிந்துவிடும்.

வாசகர்கள் எல்லோருக்கும் ஒன்று: நிரப்புவதற்கு முன்னால் விரிசல் வளர்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கலவை வைத்து ஒட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டுபோல இறங்கும் விரிசல் இரண்டும் அஸ்திவாரத்தைக் காட்டும். தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் விட்டுத் துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. அதன்மேல் ஃபில்லர் வைப்பது நோயை மறைப்பதாகும். இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கார் கதவில் டிங்கர் வேலை செய்து பட்டி வைத்தார்கள். ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்துவிட்டது. பட்டி மட்டமா, பெயிண்ட் மட்டமா?
— வாசகர், திருப்பூர்

இரண்டும் நல்ல சரக்காகவே இருந்திருக்கலாம். கார் பட்டி என்பது பாலியஸ்டர் ரெசினில் டால்க் பொடி கலந்தது. இந்தப் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு, சரியாகக் காயும் முன் பிரைமர் அடித்தால் உள்ளே மாட்டிய ஈரம் பிற்பாடு கொப்புளமாக எழும். பட்டி தேய்க்கும் வேலை காய்ந்த உப்புத்தாளில்தான் நடக்க வேண்டும். தண்ணீர்த் தாள் பிரைமருக்குப் பிறகு.

இரண்டாவது காரணம் துரு. துருவை முழுக்க எடுக்காமல், பளபளவென்று தகடு தெரியும்வரை அரைக்காமல் மேலே பட்டி அப்பினால், அடியில் துரு தன் வேலையைத் தொடரும். ஓட்டை விழுந்த தகட்டில் பட்டி வைப்பது வேலையே அல்ல. வெட்டித் தகடு வைத்து வெல்ட் அடிக்க வேண்டும்.

மூன்றாவது, பட்டியை இறுகவைக்கும் ஹார்டனர். எடையில் 2 சதவீதம் போதும், 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிழிந்தால் மிச்சமான ஹார்டனர் பெயிண்ட் வழியே மஞ்சளாக மேலே கசியும். குறைத்தால் பிசுபிசுப்பாகவே இருந்து தேய்க்கும்போது தாளில் ஒட்டும். கலந்தபின் நாலைந்து நிமிடத்தில் இழுத்து முடித்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் இன்னும் குறைவு. இறுக ஆரம்பித்த பட்டியை மறுபடி குழைத்து அப்பினால் அது ஒட்டாது.

பள்ளத்தை முதலில் சுத்தியும், பின்பக்கம் அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டியான டாலியும் வைத்துத் தகட்டிலேயே தட்டி எடுக்க வேண்டும். பட்டிக்கு மிஞ்சுவது 3 மி.மீ.க்குள் இருக்கட்டும், அதையும் ஒரே அப்பாக இல்லாமல் மெல்லிசு மெல்லிசாக இழுக்கட்டும். பிறகு 80 நம்பர் தாளில் தொடங்கி 120, 180 என்று போய், பிரைமர் அடித்து, 400இல் தேய்த்துப் பெயிண்டுக்குப் போவது வழக்கம். 80இலிருந்து நேரே பிரைமருக்குத் தாவினால் கீறல் பிற்பாடு பெயிண்டில் தெரியும்.

பழைய கார் வாங்குவோருக்கு: சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, மட்கார்டு முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தடியான பட்டி இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதையும், சில வண்டிகளில் பானட் அலுமினியம் என்பதையும் மறந்துவிட்டு விற்பவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

பைக் டேப்பட் அட்ஜஸ்ட் செய்ய ‘ஃபில்லர் கேஜ்’ வாங்கச் சொன்னார்கள். அதில் நிரப்புவதற்கு எதுவுமே இல்லையே?
— வாசகர், விருதுநகர்

அது ஃபீலர் கேஜ். இடுக்கில் விட்டு, கைக்குத் தட்டுப்படும் இறுக்கத்தால் இடைவெளியை அளக்கும் தகட்டுக் கொத்து. டேப்பட் அட்ஜஸ்ட் என்பது இன்ஜின் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது. பட்டறைப் பேச்சில் ஃபில்லர் ஆகிவிட்டது, கடைக்காரரும் அப்படியே எடுத்துத் தருவார். 0.05 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ. வரை தகடுகள் உள்ள கொத்து போதும்.

இன்ஜின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிராங்கைச் சுற்றுவது சுலபம். மேக்னட்டில், பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் டி குறி நேராக வரும்படி சுற்றி நிறுத்தி, இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. பிறகு வண்டிப் புத்தகத்தில் சொன்ன தகட்டை விட்டு இழுங்கள். வெண்ணெயில் போவதுபோலப் போகவும் கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. லேசான உரசல் வேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். நட்டு இறுகும்போது திருகும் கூடவே திரும்பிவிடும், முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

டேப்பட் சத்தமே இல்லை என்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். இடைவெளி அதிகமானால் டிக் டிக் சத்தம், அவ்வளவுதான். குறைந்தால் சத்தமே வராது. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாது, மூடும் நேரத்தில் அது உட்காரும் சீட் வழியாக இறங்க வேண்டிய சூடு இறங்காமல் வால்வு கருகும். இன்னொரு வண்டியின் அளவை எடுத்து உங்கள் வண்டிக்குப் போடாதீர்கள்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி செய்து கொடுக்கிறோம். பைப் பளபளப்பாக இருக்கிறது, வெல்டு ஓரத்தில் மட்டும் துரு. ஃபில்லர் ராடு தப்பா?
— பட்டறைக்காரர், கோயம்புத்தூர்

முதலில் வெல்டில் உருக்கி நிரப்பும் ராடைப் பாருங்கள். 304 ரகப் பைப்புக்கு 308எல் ராடு, 316க்கு 316எல். எஸ்.எஸ். பைப்பை இரும்புத் தகட்டோடு ஒட்டும் இடத்தில் 309எல். அந்த ‘எல்’ முக்கியம். கார்பன் 0.03 சதவீதத்துக்குள் அடக்கப்பட்டது என்று அர்த்தம். கார்பன் கூடினால் வெல்டு சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியம் இழந்த அந்த ஓரப் பட்டைதான் துருப்பிடிக்கும். கையில் கிடைத்த இரும்பு ராடையோ சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியையோ வைத்து ஒட்டியிருந்தால் கேள்வியே இல்லை.

ராடு சரி என்றால் பிரஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். இரும்பு கேட்டைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷாலேயே எஸ்.எஸ். வெல்டையும் தேய்த்தால், ஒட்டிக்கொண்ட இரும்புத்துகள்தான் துருவாகத் தெரிகிறது. பக்கத்து மேஜையில் இரும்பு அரைக்கும் பொறி பறந்து விழுந்தாலும் இதே கதை. எஸ்.எஸ்.ஸுக்கென்று தனி பிரஷ், தனி வீல் வையுங்கள். வெல்டு ஓரத்து நீலம், பழுப்பு நிறத்தையும் அப்படியே விடக் கூடாது. பிக்ளிங் பேஸ்ட் என்னும் அமிலப் பசை தடவி எடுக்க வேண்டும். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். ஃபேன் காற்று நேரே அடித்தால் எவ்வளவு வைத்தாலும் வீண்.

எல்லாம் சரியாக இருந்தும் துரு வந்தால் பைப்பே, துருவை அவ்வளவு தாங்காத 202 ரகமாக இருக்கும். காந்தம் வைத்து 202ஐயும் 304ஐயும் பிரிக்க முடியாது. இரண்டிலும் சரியாக ஒட்டாது.

அலுமினியம் கேட்பவர்களுக்கு இரண்டே வரி: 4043 ராடு நன்றாக ஓடும், ஆனால் அனோடைஸ் செய்தால் வெல்டு கறுக்கும். நிறம் ஒத்துப்போக வேண்டுமென்றால் 5356.

குழந்தையின் காய்ச்சல் மருந்தோடு வந்த ஃபில்லர் உடைந்துவிட்டது. வீட்டில் கிடந்த இன்னொரு மருந்தின் ஃபில்லரால் கொடுக்கலாமா? இருபது சொட்டு ஒரு மில்லி என்கிறார்களே?
— வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. இருபது சொட்டு ஒரு மில்லி என்பது தண்ணீருக்கு, அதுவும் குறிப்பிட்ட அளவு வாயுள்ள ஃபில்லருக்கு. மருந்து மாறினாலோ, ஃபில்லர் வாயின் அளவு மாறினாலோ சொட்டின் அளவும் மாறும். மருந்துக் கடையில் ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். கோடு பார்த்து மில்லியில் அளந்து, கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாரசிட்டமால் சொட்டு மருந்து நம் கடைகளில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மி.கி. சிரப் 5 மில்லிக்கு 125 மி.கி. அல்லது 250 மி.கி. அதாவது சொட்டு மருந்து ஒரு மில்லியும், 125 சிரப் நாலு மில்லியும் ஒன்று. ‘மருந்து ஒன்றுதானே’ என்று 125 சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும், அது கல்லீரலைக் கெடுக்கும். சீட்டில் எத்தனை மில்லி என்று மட்டும் பார்க்காமல், பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை மி.கி. என்பதையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தைத் தேடாமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

மாத்திரைகளில் ஃபில்லர் என்று மாவும் சுண்ணாம்பும் கலக்கிறார்களாமே? இது கலப்படம் இல்லையா?
— வாசகர், நாகர்கோவில்

கலப்படம் இல்லை. தைராய்டுக்குப் போடும் 100 மைக்ரோகிராம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மருந்து ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. அதை மட்டும் கொடுத்தால் விரல் நுனியில் எடுக்கவும் முடியாது. லாக்டோஸ், மைக்ரோ கிரிஸ்டலைன் செல்லுலோஸ், ஸ்டார்ச், டைகால்சியம் பாஸ்பேட் போன்றவற்றோடு கலந்து அழுத்தினால்தான் மாத்திரையாக நிற்கும். இவை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பது மருந்து நூல்களில் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ‘வெறும் ஃபில்லர்தானே’ என்று ஒதுக்கவும் முடியாது. 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிட்டுவந்தவர்கள் பலர் திடீரென்று நடை தள்ளாடி, மருந்து மிகுந்த அறிகுறிகளோடு வந்தார்கள். அளவு மாறவில்லை. காப்ஸ்யூலில் அதுவரை இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டிருந்தார்கள். கால்சியம் சல்பேட் மருந்தின் ஒரு பகுதியை ரத்தத்தில் சேரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் அதே காப்ஸ்யூல் அதிக மருந்தாக வேலை செய்தது. வலிப்பு, தைராய்டு மருந்துகளில் கம்பெனி மாறினால் டாக்டரிடம் சொல்லச் சொல்வது இதனால்தான்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஒரு டம்ளர் பாலில் ஒன்பது பத்து கிராம் லாக்டோஸ் இருக்கும். மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு. நாளைக்கு ஏழெட்டு மாத்திரை சாப்பிடுபவர் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

முகத்துக்கு ஃபில்லர் போட்டுக்கொள்ள நினைக்கிறேன். பியூட்டி பார்லரிலேயே போடுகிறார்கள், விலையும் பாதி. போட்டுக்கொள்ளலாமா?
— பெயர், ஊர் வேண்டாம்

பார்லரில் வேண்டவே வேண்டாம். இப்போது அதிகம் போடுவது ஹையலுரானிக் ஆசிட் ஜெல். குழிந்த இடத்தை நிரப்பும். இடத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் நிற்கும். போடாக்ஸ் வேறு, அது தசையைத் தளர்த்துவது, மூன்று நான்கு மாதம் வரும்.

ஊசி தவறிப்போய் ஜெல் ரத்தக்குழாய்க்குள் இறங்கினால் அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் போகாது. தோல் வெளுக்கும், வலை பின்னியதுபோல ஊதாக் கோடுகள் தெரியும், வலி சாதாரணமாக இருக்காது. மூக்கு, புருவ நடு இரண்டும் மோசமான இடங்கள். அங்கிருந்து கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டுப் பார்வையே போயிருக்கிறது. அந்த நேரத்தில் ஜெல்லைக் கரைக்க ஹையலுரானிடேஸ் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த டாக்டரும் வேண்டும். ஆகவே தோல் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போய், ஹையலுரானிடேஸ் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பெட்டியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, பேட்ச் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ தள்ளிப்போடுங்கள். ‘ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும்’ என்று திரவ சிலிகானைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டி தட்டினால் அதைக் கரைக்க மருந்தே கிடையாது.

தாத்தா சேர்த்த நாணயங்களில் நடுவில் துளையுள்ள அலுமினியக் காசு ஒன்று. ‘2 ஃபில்லேர்’ என்றிருக்கிறது. எந்த நாடு?
— வாசகர், காரைக்குடி

ஹங்கேரி. நம் பைசாபோல அங்கே நூறு ஃபில்லேர் ஒரு ஃபோரிண்ட். 1892இல் கொரோனா நாணயத்தோடு வந்த சில்லறை. அடுத்து வந்த பெங்கோ நாணயத்தின் காலத்திலும் இருந்தது, 1946இல் ஃபோரிண்ட் வந்த பிறகும் தொடர்ந்தது. 1999இல் செல்லாமல் போயிற்று. உங்கள் காசு 1950ஐயோ அதற்குப் பிற்பட்ட ஆண்டையோ சேர்ந்தது. ஏராளமாக அடித்ததால் விலை பெரிதாகப் போகாது.

பட்டிமன்றத்தில் பேசுகிறேன். ‘வந்து’, ‘அதாவது’, ‘என்ன சொல்றதுன்னா’ என்று இட்டுநிரப்பும் பழக்கத்தை விட முடியவில்லை. செய்யுளில் மட்டும் ‘அரோ’, ‘மாதோ’ என்று போட்டால் தப்பில்லையா?
— கல்லூரி மாணவர், திருச்சி

செய்யுளில் அது வேலை செய்வதால் தப்பில்லை. தொல்காப்பியம் இடைச்சொல் வகைகளைச் சொல்லும்போதே பொருளின்றி நிற்கும் அசைநிலை, ஓசையை நிறைக்கும் இசைநிறை இரண்டையும் எடுத்துச் சொல்லிவிட்டது. ஓசையை நிறைப்பது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்பதற்குக் குறளில் ஒன்று பாருங்கள்: ‘ஓஒதல் வேண்டும் ஒளிமாழ்கும் செய்வினை’. அந்த ‘ஒ’வை எடுத்துவிட்டால் ‘ஓதல் வேண்டும்’ என்றாகும். தேமா என்னும் சீருக்குப் பின் நேரசை வந்து, வெண்பாவின் ஓசைக் கட்டான வெண்டளை கெடும். நீக்க வேண்டும் என்ற பொருள் போய், ஓத வேண்டும் என்று கேட்கும். ஒரு குறில் அத்தனையையும் தாங்கி நிற்கிறது.

மேடையில் நீங்கள் சொல்லும் ‘வந்து’வுக்கு வேறு வேலை. அடுத்த வாக்கியம் மனதில் தயாராகும்வரை பேச்சு உரிமையைப் பிடித்துவைத்துக்கொள்வது. அரட்டையில் அது தேவை. இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவர் புகுந்துவிடுவார். மேடையில் யாரும் புகமாட்டார்கள் என்பதால் அங்கே அது வீண். உங்கள் பேச்சை ஐந்து நிமிடம் கைப்பேசியில் பதிந்து, அப்படியே ஒரு சொல் விடாமல் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் ‘வந்து’ விழுகிறது என்று தெரியும். பெரும்பாலும் ஒரு வாதத்திலிருந்து அடுத்த வாதத்துக்குத் தாவும் இடம். அந்தத் தாவலுக்கான முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், முழுப் பேச்சையும் வேண்டாம். மீதி இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடுங்கள். உங்களுக்கு அது நெடுநேரமாகத் தோன்றும். கேட்பவருக்குத் தோன்றாது. எல்லாவற்றையும் களைந்துவிடவும் வேண்டாம், ஒன்றிரண்டு இருந்தால்தான் ஒப்பிப்பதுபோல் இல்லாமல் பேச்சாக இருக்கும்.

ஃபில்லரால் மை ஊற்றும் எபோனைட் பேனா ஒன்று வாங்கினேன். மை தீரும் நேரத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கொட்டுகிறது. கடைக்காரர் பேனா நன்றாக இருக்கிறது என்கிறார்.
— ஆசிரியை, திருவள்ளூர்

கடைக்காரர் சொல்வது சரி. மை குறையக் குறைய உள்ளே காற்று சேர்கிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியாகத் தள்ளுகிறது. கால்வாசிக்குக் கீழே இறங்கும் முன் மறுபடி ஊற்றிக்கொண்டால் கொட்டாது. ஊற்றும்போது கழுத்துவரை நிரப்பாமல் மரைக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். எழுதத் தொடங்கும் முன் நிப் மேலே பார்க்கும்படி அரை நிமிடம் பேனாவைக் கையில் பிடித்திருந்தால், விரிந்த காற்று மையைத் தள்ளாமல் வெளியேறிவிடும்.

மரையில் கசிந்து விரலில் ஒட்டினால் அது வேறு கோளாறு. சிலிகான் கிரீஸை மெல்லிசாக மரையில் தடவி இறுக்குங்கள். வாசலின் தடவாதீர்கள், ரப்பர் வளையம் இருந்தால் ஊறிப்போகும். மை மாற்றும்போது ஃபில்லரையும் கழுவிவிடுங்கள். பழைய மையின் மிச்சம் புது மையோடு சேர்ந்து திரிந்தால் நிப்புக்கு அடியிலுள்ள நாக்கில் அடைத்துக்கொள்ளும்.